வளையல் போட்ட கை

எங்கள் வீட்டில் வலது, இடது என்ற சொற்களைப் பாடப் புத்தகத்துக்கு வெளியே யாரும் பயன்படுத்தியதில்லை. சோறு சாப்பிடுகிற கை சோத்தாங்கை. மற்றது பீச்சாங்கை. அந்தக் கைக்கு என்ன வேலை என்பதைப் பெயரே சொல்லிவிடும் என்பதால் நான் விளக்கப் போவதில்லை. உலகத்தில் எல்லோருக்கும் கை ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நம்பிய யாரோ வைத்த பெயர்கள் அவை. எனக்கோ அவை இரண்டும் பிறக்கும்போதே இடம் மாறியிருந்தன. கிலுகிலுப்பை பிடித்தது பீச்சாங்கை, பல்பம் பிடித்தது பீச்சாங்கை, கோயிலில் குங்குமம் வாங்க முந்திக்கொண்டு நீண்டதும் பீச்சாங்கைதான்.

பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கையெழுத்து புரிந்தால் போதும் என்று டீச்சர் விட்டுவிட்டார். அப்பாவும் கண்டுகொள்ளவில்லை. அவர் கடலூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, தோளை முட்டுக் கொடுத்துக் கம்பியில் சாய்ந்து நிற்பவருக்கு எந்தக் கை எது என்று பார்க்க நேரம் ஏது? "கண்டக்டருக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான்" என்பார். தவிர, நாள் முழுக்க ரைட், ரைட் என்று கத்திவிட்டு வருகிறவருக்கு வீட்டிலும் அதே பேச்சா என்று அலுப்பாக இருந்திருக்கும்.

கவலை முழுவதும் அம்மாவுக்குத்தான். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அவளிடம்தான் அளவு கொடுத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இன்னும் மாத்தலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒருநாள் காலையில் வைத்திக்குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவிடம் காசைக் கொடுக்கச் சொல்லி அம்மா என்னை வாசலுக்கு அனுப்பினாள். அன்றைக்கு அதுதான் அவருக்கு முதல் போணி. நான் நீட்டியதும் மீன்காரம்மா காசை வாங்காமல் கூடையை மூடிவிட்டார். "போணி நேரத்துல பீச்சாங்கைய நீட்டுது பாரு. போயி அம்மாவ வரச்சொல்லு பாப்பா." அம்மா ஓடிவந்து, சமாதானம் சொல்லி, தன் கையால் காசைக் கொடுத்து மீனை வாங்கினாள். அன்றைக்குக் குழம்பு வழக்கம்போல நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் ஆறு சிவப்புக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். ஆறையும் என் சோத்தாங்கையில் போட்டாள். "யாரு எது குடுத்தாலும் வளையல் போட்ட கையத்தான் நீட்டணும். நீ யாருக்குக் குடுத்தாலும் வளையல் போட்ட கைதான். தெரியுதா?" தெரிந்தது. எளிமையான ஏற்பாடுதான். ஆனால் அழகான பொருளெல்லாம் எனக்குப் பிடித்த கையில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியதால், குளிக்கும்போது சோப்புப் போட்டு ஆறையும் கழற்றி மறு கையில் மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கோயிலில் குருக்கள் குங்குமத்தோடு வந்தபோது அம்மா என் காதருகே குனிந்து, "வளையல் போட்ட கை" என்றாள். நான் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. வளையல் குலுங்க நீட்டினேன். குருக்கள் சிரித்துவிட்டார். வீடு வந்ததும் அம்மா வளையலைக் கழற்றி மறுபடியும் பழைய கைக்கே மாற்றினாள்.

அவளுக்கு என் மேல் கோபம் இல்லை, வருத்தம்தான் என்பது எனக்கே தெரியும். அவளுடைய கத்தரிக்கோலை நான் பிடித்தால் அது துணியை வெட்டாமல் மடக்கி மடக்கிக் கடிக்கும். எங்கள் வீட்டுத் தகர டப்பா ஓப்பனர் என் கைக்கு மட்டும் வழுக்கும். ஒருமுறை, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அப்பாவிடம் சொன்னாள். "இந்தப் புள்ள கைக்குன்னு உலகத்துல ஒரு பொருளக்கூடவா யாரும் செஞ்சு வெக்கல?" அப்பா ஏதோ முனகினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, அப்படி ஒரு பொருள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

அந்தப் பொருளை அம்மா கடைசியில் மாமா வீட்டு டிவியில் கண்டுபிடித்தாள்.

மாமா என்றால் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொல்தா. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படி ஒருவராவது இல்லாத தெரு குறைவு. அவர் வீட்டு டிவியில் எந்நேரமும் பிரெஞ்சு சானல்தான் ஓடும். சீரியல் பார்க்க வேண்டுமானால் அத்தை பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போயிருந்தபோது டிவியில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பாட்டைக் கேட்டோம். அம்மா தையல்காரி, கையைப் பார்த்தாள்.

"இந்த ஆளு பீச்சாங்கையாலதான வாசிக்கிறாரு?" என்றாள்.

எல்லோரும் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தோம். உண்மைதான். கிட்டாரின் நீண்ட கழுத்தின் மேல் விரல்கள் தாவித் தாவிக் கம்பியை அமுக்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு வேலையும் பார்த்தது பீச்சாங்கை. சோத்தாங்கை வயிற்றருகே சும்மா மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. அடுத்துப் பாட வந்த பெண்மணியும் அதே மாதிரிதான். அவருக்குப் பின்னால் நின்று வாசித்தவரும் அப்படியே. மாமா தொடையில் ஓங்கித் தட்டினார். பிரெஞ்சில் இடது கைக்குக் கோஷ், இடது கைக்காரருக்குக் கோஷே. "சே ஸா, அதேதான்! கித்தார் கோஷேங்களுக்குன்னே செஞ்ச வாத்தியம்! முப்பது வருஷம் அந்த ஊர்ல இருந்தேன், இது என் கண்ணுல படல பாரு."

அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்ப இதுல வர்ற அத்தினி பேரும் பீச்சாங்கையா?"

"அவங்க கஷ்டப்பட்டுக் கத்துக்கினு வாசிக்கிறாங்க, பாவம்" என்றாள் அம்மா. "நம்ம புள்ளைக்குத் தானா வரும்."

அந்த நேரத்து அம்மாவின் முகத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். என் பீச்சாங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். பிறந்ததிலிருந்து அந்தக் கைக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கிட்டார் என்றால் என்ன விலை, எப்படிச் சத்தம் வரும் என்றெல்லாம் தெரியாமலே, வாசித்தால் கிட்டார்தான் வாசிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். கைபேசியில் தட்டிப் பார்த்து யாரும் யாரையும் திருத்த முடியாத காலம் அது. ஒருவர் சொல்லி மற்றவர் தலையாட்டிவிட்டால் அதுதான் உண்மை.

மாமாவின் கூட்டாளி ஒருவருடைய மகன் பிரான்ஸுக்குப் போனபோது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன கிட்டார் ஒன்று இருந்தது. மாமா அதைக் கேட்டு வாங்கி, துப்பாக்கி போல முதுகில் மாட்டிக்கொண்டு டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினார். தெருவே வேடிக்கை பார்த்தது. கம்பியெல்லாம் துருப்பிடித்திருந்தது, உள்ளே ஒரு பல்லி முட்டை இருந்தது. அம்மா அதைத் துடைத்த துடைப்பில் வார்னிஷ் போகாமல் இருந்ததே ஆச்சரியம். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி சொல்தாக்கள் எல்லோரும் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போய் வந்த பிறகு மாமா வீட்டு மாடியில் விருந்து நடக்கும். இந்த வருடம் விருந்தில் என் கிட்டார் என்று மாமா அன்றைக்கே அறிவித்துவிட்டார். அம்மாவும் சும்மா இருக்கவில்லை. ரவிக்கை வாங்க வந்தவர்களிடமெல்லாம், பீச்சாங்கைக்காரர்களுக்கென்றே ஒரு வாத்தியம் இருப்பதையும் அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதையும் சொன்னாள். மீன்காரம்மாவிடம் இரண்டு முறை சொன்னாள்.

கிட்டார் சொல்லிக்கொடுக்க மாடி வீட்டு அண்ணன் கிடைத்தார். எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தார்; படிப்பை விட அரியர்தான் அதிகம். கோடை விடுமுறையில் தன் வீட்டு மொட்டை மாடியில், துணி காயும் கொடிகளுக்கு நடுவில், தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். நான் பீச்சாங்கை என்று அம்மா அவரிடம் சொல்லவில்லை. கிட்டாருக்கு எல்லோரும் பீச்சாங்கைதானே, அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பாள். நானும் சொல்லவில்லை. வெளியாட்கள் முன்னால் அந்தக் கையை அடக்கி வைப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

முதல் பாடம் கார்ட். சில கம்பிகளைச் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் ஒரு கார்ட். எனக்கு மூன்று கார்ட் வேண்டும் என்று வீட்டில் போய்ச் சொன்னபோது, "சிவப்பா, மஞ்சளா?" என்று அப்பா கேட்டார். ரேஷன் கார்டு நினைவு அவருக்கு. அமுக்குகிற வேலையை என் பீச்சாங்கை ஒருவாறு சமாளித்துவிட்டது. வினை சோத்தாங்கையில் இருந்தது. அண்ணன் 'ஒண்ணு ரெண்டு மூணு நாலு' என்று சொல்லச் சொல்ல அது கம்பிகளை மேலும் கீழும் தடவ வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு அது நடப்பது போல வந்தது. என் சோத்தாங்கை ஒன்றுக்குப் பிறகு மூன்றுக்குப் போகும், நாலுக்கு நின்று யோசிக்கும். சோறு பிசையத் தெரிந்த கைக்கு இது ஏன் வரவில்லை என்று எனக்கே வெட்கமாக இருந்தது. "தாளத்த வுட்டுட்ட, தாளத்த வுட்டுட்ட" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொள்வார். நான் எதையும் விடவில்லை. அது என்னிடம் வந்தால்தானே விடுவதற்கு.

தானாக வரும் என்று சொன்ன அம்மாவுக்கு முதலில் ஆச்சரியம், பிறகு கலக்கம். ஊர் கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டி, மிளகாயும் உப்பும் எடுத்து எனக்குச் சுற்றிப் போட்டாள். கையை முன்னால் நீட்டச் சொல்லி, குறிப்பாகப் பீச்சாங்கைக்குத் தனியாக ஒரு சுற்று. அடுப்பில் போட்டதும் மிளகாய் கமறியது. எனக்கும் இருமல் வந்தது. தாளம் மட்டும் வரவில்லை.

ஒரு மத்தியானம் அம்மா உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் சலித்துப் போய்க் கிட்டாரை மடியில் அப்படியும் இப்படியுமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு புரட்டலில் அதன் கழுத்து மறுபக்கம் போய்விட்டது. என் பீச்சாங்கை போய்க் கம்பிகள் மேல் விழுந்தது. விழுந்த கை அதுவாகவே மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினின் கடகடவோடு அது சேர்ந்துகொண்டது. நான் ஒன்றும் எண்ணவில்லை, யோசிக்கவில்லை. தொடக்கூடத் தெரியாத ஒரு பொருளில் இருந்து என் கை தாளத்தை எடுத்து எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தது. கம்பிகள் தலைகீழாக இருந்ததால் சத்தம் கண்ணராவியாக இருந்தது. ஆனாலும் நான் சிரித்துக்கொண்டே வாசித்தேன். சைக்கிளில் முதல் முறை யாரும் பிடிக்காமல் போகும்போது வருமே, அந்தச் சிரிப்பு.

மெஷின் நின்றது. அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். ரவிக்கை வாங்க வந்திருந்த எதிர் வீட்டு அக்காவும் பின்னால் நின்றார்.

"அய்யய்யோ, ஏன்டி சோத்தாங்கையில புடிச்சிக்கினு இருக்க?" அம்மா பதறினாள். "பீச்சாங்கைய வை பாப்பா! பீச்சாங்கைய!"

எதிர் வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் இருந்து தெருவுக்குக் கேட்ட கூச்சல் இதற்கு நேர் எதிரானது. எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லா இடத்திலும் முந்திக்கொண்டு வந்த கை, வா என்று அம்மா முதல் முறையாகக் கூப்பிடும்போது மட்டும் வேறு வேலை கேட்கிறது. அம்மா ஆசையாகத் தேடிக் கண்டுபிடித்த பொருளைக்கூட நான் தப்பாகத்தான் பிடிப்பேன் போல என்று நினைத்தேன். கிட்டாரைத் திருப்பி, அம்மா சொன்ன மாதிரியே வைத்துக்கொண்டேன். அதன் பிறகு தாளம் போட வேண்டும் என்று ஆசை வந்தால், அம்மா கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் திருப்புவேன்.

விருந்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா முன்னால், மெடல் போட்டவர்கள் முன்னால் என் சோத்தாங்கை நாலுக்கு நின்று யோசிக்கப் போகிறது. அதை விட, பக்கத்தில் அம்மா நிற்பாள். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் முகம் எப்படிப் போகும் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒருநாள் வகுப்பில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, அண்ணன் வாசித்த பாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியில் என்னையறியாமல் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசிப்பதை நிறுத்தினார். என் கையையே பார்த்தார்.

"எங்க, இன்னொரு தபா தட்டு."

தட்டினேன்.

"நீ பீச்சாங்கையா?"

நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, ஆமாம், அதனால்தான் கிட்டாரில் சேர்த்தார்கள் என்றேன். அண்ணனுக்குப் புரியவில்லை. மாமா கண்டுபிடித்ததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். அவர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த போர்வையைப் பிடித்துக்கொண்டு சிரிசிரி என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அன்று சாயங்காலமே என்னோடு வீட்டுக்கு வந்தார்.

"யக்கா, இது எங்கள மாதிரி சோத்தாங்கைக்காரங்களுக்குச் செஞ்சது" என்று அவர் அம்மாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மா விடவில்லை. "வேல எல்லாம் பீச்சாங்கைதான பாக்குது?" என்று கேட்டாள். "வேல அது பாக்கும்க்கா. உசிரு இந்தச் சோத்தாங்கையில. தாளம் இங்கதான் இருக்குது. அதான் பாப்பாவுக்கு வர மாட்டேங்குது." மெஷினில் பாதி தைத்த கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது; அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பொருளும் என் கைக்கு இல்லை என்று ஆகிவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்பாதான் முதலில் சிரித்தார். அன்றைக்கு அவருக்கு ஷிப்டு இல்லை, கட்டிலில் படுத்திருந்தார். "ஏம்மே, அப்ப நீ புள்ளைய அன்னிக்குத் திட்டுன பாரு, பீச்சாங்கைய வை, பீச்சாங்கைய வைன்னு!" என்றார். அம்மா அவரை முறைத்தாள். முறைத்தபடியே அவள் உதடு கோணியது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தேன்.

"இப்ப இன்னா செய்யணும்?" என்று அண்ணனைக் கேட்டாள்.

கம்பிகளையெல்லாம் கழற்றி, மேலே இருப்பது கீழேயும் கீழே இருப்பது மேலேயுமாக மாற்றிக் கட்ட வேண்டும் என்றார். "திருப்பணும், அவ்ளோதான?" என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்து முடிகிற இடத்தில் கம்பிகள் படிய ஒரு வெள்ளைப் பட்டையில் சிறு பள்ளங்களாகக் காடி வெட்டியிருக்கும். தடித்த கம்பி மெல்லிய காடியில் உட்காரவில்லை. அண்ணன் அரத்தால் ராவினார். மெல்லிய கம்பி பெரிய காடியில் ஆடியது. அம்மா காலருக்கு வைக்கும் கேன்வாஸில் ஒரு துணுக்கு வெட்டி மடித்துச் செருகினாள். கார்ட் படங்கள் எல்லாம் சோத்தாங்கைக்காரர்களுக்குப் போட்டவை, அவற்றை மனசுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டும், கஷ்டம்தான் என்று அண்ணன் தயங்கியபோது, அம்மா அந்தத் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பின்புறமாகத் திருப்பி வைத்து, நீலச் சாக்பீஸால் பின்பக்கமே கோடு இழுத்தாள். "ஒரு கைய வெட்டுன பேப்பர திருப்பிப் போட்டா இன்னொரு கை. ரவிக்கைக்கு டெய்லி இதான பண்றேன்" என்றாள். எல்லாம் முடிந்து நான் கிட்டாரை மடியில் வைத்தேன். கழுத்து சோத்தாங்கைப் பக்கம். பீச்சாங்கை கம்பிகளின் மேல் இறங்கியது. அந்த முதல் கார்ட் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் அது கார்ட். அண்ணன் எண்ணத் தொடங்கும் முன்பே நான் நாலைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பது போல அவர் கையும் என் கையும் ஒரே பக்கத்தில் இருந்தன; மற்ற பிள்ளைகள் குழம்புகிற இடத்தில் நான் பார்த்ததை அப்படியே செய்துவிடுவேன். ஒரே ஒரு தொல்லைதான் வந்தது. இப்போது கம்பியை அமுக்குவது சோத்தாங்கை. அதன் விரல் நுனிகள் எல்லாம் சிவந்து கன்றிப்போய், ரசம் சோற்றில் கை வைத்தால் உயிர் போனது. மறு கையால் சாப்பிடட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உருண்டை பிடித்து ஊட்ட ஆரம்பித்தாள். ஐந்தாம் வகுப்பு போகப் போகிறவளுக்கு ஊட்டுகிறார்கள் என்று தெரு கேலி செய்தது. விரல் ஆறிய பிறகும் ஒரு வாரம் நான் ஆறவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமாவிடம் விஷயத்தைச் சொல்வதா என்று ஒரு பேச்சு வந்தது. "அவரு மனசு நோவும், வேணாம்" என்றாள் அம்மா. விருந்தன்றைக்கு அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றார் அப்பா, கொஞ்சம் ஆசையாகவே.

ஜூலை பதினாலு வந்தது. மாமா வீட்டு மாடியில் ஷாமியானா. கோட்டும் மெடலுமாக வியர்த்துக்கொண்டிருந்த சொல்தாக்கள், பட்டுப் புடவையில் அவர்கள் வீட்டு அம்மாக்கள், பிரியாணி அண்டா, அதற்குப் பக்கத்தில் மூவர்ணக் கேக். மாமா எழுந்து நின்று, கித்தார் என்பது கோஷேக்களுக்கென்றே செய்யப்பட்ட வாத்தியம், அதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று பிரெஞ்சில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொன்னார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்து வைத்தேன்.

முன் வரிசையில் இருந்த வயதான சொல்தா ஒருவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அய்யே, புள்ள தலகீழா புடிச்சிக்கினு இருக்குது" என்றார் சத்தமாக.

மாமா என்னைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். டிவியில் பார்த்ததற்கு எல்லாம் மறுபக்கமாக இருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். நான் கம்பிகளில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.

அந்த வீட்டில் பெரியவர்கள் முன்னால் அம்மா வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றவள் அங்கிருந்தே பேசினாள்.

"தலகீழா இல்லீங்க. அவ கை அப்படி. அவளுக்குப் பீச்சாங்கைதான் சோத்தாங்கை."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பிரியாணியைக் கிளறப் போய்விட்டாள். முதலில் சுதாரித்துக்கொண்டவர் மாமா. "சே ஸா! அதத்தான நானும் இத்தினி நாளா சொல்லிக்கினு இருக்கேன்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், வயதான சொல்தாவும்தான். நான் வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றே கார்ட்டில் முடிகிற பாட்டு. நடுவில் ஒரு இடத்தில் விரல் தவறி ஒரு கார்ட் செத்துப்போனது, ஆனால் பீச்சாங்கை நிற்கவில்லை. அது போட்ட தாளத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் கை தட்டினார்கள். இரண்டாம் தடவை வாசித்தபோது மாமா அத்தையின் கையைப் பிடித்து இழுத்து ஆட ஆரம்பித்துவிட்டார். அத்தை வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு சுற்று சுற்றினார். எனக்கு எழுந்திருக்கவே மனசில்லை. மூன்றாம் முறையும் வாசித்தேன்.

முடிந்ததும் அந்த வயதான சொல்தா எழுந்து வந்து ஒரு சாக்லேட் டப்பாவை நீட்டினார். சோத்தாங்கை இன்னும் கம்பிகளின் மேலேயே இருந்தது. பீச்சாங்கையை நீட்டிவிட்டேன். பாதியில் நினைவு வந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அம்மாவைத் தேடினேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசர அவசரமாக வளையல் போட்ட கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டேன். அதுவரை பூரித்துப் போயிருந்த அம்மாவின் முகம் ஏனோ வாடிவிட்டது. இத்தனை பேர் முன்னால் மறுபடி தப்புச் செய்துவிட்டேன், அவளும் பார்த்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்லேட்டை நானும் அப்பாவும் காலி செய்தோம்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அம்மா சோப்பும் தண்ணீருமாக வந்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். சோத்தாங்கையில் இருந்த வளையல்களில் மூன்றைக் கழற்றினாள். அவற்றை என் பீச்சாங்கையில் போட்டாள். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

கிட்டார் வாசித்ததற்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன். பரிசு என்றால் புதிதாக அல்லவா வாங்கித் தர வேண்டும், பழையதையே பிரித்துப் போடுகிறாளே என்று ஒரு குறையும் இருந்தது. அதற்குப் பிறகு 'வளையல் போட்ட கைய நீட்டு' என்று அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. நான் எந்தக் கையை நீட்டினாலும் அது வளையல் போட்ட கையாகத்தான் இருந்தது. அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்ததெல்லாம், கிளம்புவதற்கு முன்னால் கிட்டாரை எடுத்து ஒருமுறை தட்டிப் பார்த்தபோது பீச்சாங்கை வளையல்கள் மூன்றும் பலகையில் மோதிச் சலசலத்தது மட்டும்தான்.

"சத்தம் போடுதும்மா" என்று சிணுங்கினேன்.

"போடட்டும்" என்றாள் அம்மா, மெஷினில் இருந்து தலை நிமிராமல்.